நிலக்கரி சென்ற வழி: பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் (1972–1985)

முன்னுரை

பிரித்தானியத் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 1972ஆம் ஆண்டு ஏழு வாரங்கள் போராடி வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே சங்கம் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் போராடித் தோற்றது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலின் பிடிவாதமும் பிரதமர் மார்கரெட் தாட்சரின் உறுதியுமே இதற்குக் காரணங்களாகப் பெரிதும் கூறப்படுகின்றன. ஆளுமைகளை மையப்படுத்தும் இவ்விளக்கம் போதுமானதன்று. சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி செல்லும் வழி ஒருமுறை அடைபட்டது, மறுமுறை அடைபடவில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அடைபட்ட வழி

ஊதிய உயர்வு கோரி 1972 ஜனவரி 9 அன்று தொடங்கிய போராட்டம், 1926க்குப் பின் சுரங்கத் தொழிலாளர் நாடு தழுவி மேற்கொண்ட முதல் வேலைநிறுத்தமாகும். சுரங்கங்கள் அனைத்தும் தாமாகவே நின்றுவிட்டமையால் அவற்றின் வாயில்களில் மறியல் செய்யத் தேவை எழவில்லை. எனவே தொழிலாளர்கள் ‘பறக்கும் மறியல் குழுக்க’ளாக அனல்மின் நிலையங்களுக்கும் கிடங்குகளுக்கும் துறைமுகங்களுக்கும் சென்றனர். இரயில்வே தொழிலாளரும் சரக்குந்து ஓட்டுநரும் மறியலைக் கடக்க மறுத்தனர். குளிர்காலத்தில் மின்வெட்டு பரவியது. பிப்ரவரி 9இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் பர்மிங்காமின் சால்ட்லி கற்கரிக் கிடங்கின் முன் பிற துறைத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டமையால், காவல்துறையே அதன் கதவுகளை மூடச் செய்தது. வில்பர்ஃபோர்ஸ் பிரபு தலைமையிலான விசாரணைக் குழு பெரும் ஊதிய உயர்வைப் பரிந்துரைத்தது. 1974இல் மீண்டும் எழுந்த ஊதியப் போராட்டத்தின்போது, தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்களே மின்சாரம் கிடைத்தது. பிப்ரவரித் தேர்தலில் எட்வர்டு ஹீத் ஆட்சியை இழந்தார்.

இருப்பைப் பெருக்குதல்

இத்தோல்வியைக் கன்சர்வேடிவ் கட்சி ஆழ்ந்து ஆராய்ந்தது. நிக்கோலஸ் ரிட்லி தயாரித்த மறைவான அறிக்கையை 1978இல் ‘எக்கனாமிஸ்ட்’ இதழ் வெளிப்படுத்தியது. மின் நிலையங்களில் நிலக்கரி இருப்பைப் பெருக்குதல், எண்ணெயிலும் இயங்குமாறு அவற்றை மாற்றுதல், சங்கம் சாராத ஓட்டுநர்களை அமர்த்துதல், போராடுவோருக்கான அரசு உதவித்தொகையைக் குறைத்தல், மறியலை எதிர்கொள்ள நடமாடும் காவற்படை அமைத்தல் ஆகியன அதில் இடம்பெற்றிருந்தன. எனினும் 1981 பிப்ரவரியில் சுரங்க மூடல் திட்டத்திற்கு எதிர்ப்பு எழுந்தபோது தாட்சர் பின்வாங்கினார். போதிய இருப்பு அப்போது இல்லை. அடுத்த மூன்றாண்டுகளில் மின் நிலைய முற்றங்களில் நிலக்கரி மலையெனக் குவிந்தது.

பிளவின் வேர்

ஊதியக் கோரிக்கை எல்லாச் சுரங்கத்தாருக்கும் பொதுவானது. மூடலோ அவ்வாறன்று, அது சிலரை அச்சுறுத்தும், சிலரை விட்டுவிடும். உற்பத்தித்திறன் மிக்க நாட்டிங்காம்ஷயர் சுரங்கத்தார் தமக்கு ஆபத்தில்லை என நம்பினர்.

இந்நம்பிக்கைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. வட்டார உற்பத்திக்கேற்ப ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை 1977இல் நடந்த நாடளாவிய வாக்கெடுப்பு நிராகரித்தது. ஆயினும் நாட்டிங்காம்ஷயர் உள்ளிட்ட வட்டாரங்கள் அதனை ஏற்றன, நீதிமன்றமும் தடுக்கவில்லை. 1984 மார்ச் 6 அன்று ஏறத்தாழ 20 சுரங்கங்களை மூடும் திட்டம் வெளியானபோது, நாடளாவிய வாக்கெடுப்பின்றி வேலைநிறுத்தம் செல்லாது என வாதிட்டதும் அதே வட்டாரமே. முன்பு வாக்கெடுப்பின் முடிவு புறக்கணிக்கப்பட்டதைக் கண்ட யார்க்ஷயர் தொழிலாளருக்கு இவ்வாதம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். எனினும் வாக்கெடுப்பைத் தவிர்த்தது ஸ்கார்கிலின் பெரும்பிழை என்றே கருத வேண்டியுள்ளது. அது பணிக்குச் சென்றோருக்கு ஒரு நியாயத்தையும், பிற சங்கங்களுக்கு ஒதுங்கி நிற்க ஒரு காரணத்தையும் அளித்தது.

அடைபடாத வழி

இப்பிளவு நிலக்கரியின் வழியைத் திறந்தே வைத்தது. நாட்டிங்காம்ஷயர் நிலக்கரி டிரென்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெரும் மின் நிலையங்களைத் தொடர்ந்து இயக்கியது. போராட்டம் மின் தேவை குறையும் வசந்த காலத்தில் தொடங்கியதும் அரசுக்குச் சாதகமாயிற்று. ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் கற்கரி ஆலை முன் நிகழ்ந்த மோதலே இன்றும் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அங்கிருந்து கற்கரி சென்றது ஸ்கன்தார்ப் எஃகாலைக்கு. அது மூடப்பட்டிருந்தாலும் ஒரு விளக்குகூட அணைந்திராது.

உண்மையான ஆபத்து செப்டம்பரில் வந்தது. சுரங்கப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் இன்றி எச்சுரங்கத்தையும் இயக்க அன்றைய சட்டம் இடந்தரவில்லை. அவர்களது சங்க வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டினருக்கும் மேலானோர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். அது நடந்திருப்பின் நாட்டிங்காம்ஷயரும் நின்றிருக்கும். அக்டோபரில் அச்சங்கம் உடன்பாட்டுக்கு இசைந்தது. அக்குளிர்காலம் மின்வெட்டின்றியே கழிந்தது. 1985 மார்ச் 3 அன்று பணிக்குத் திரும்பும் முடிவு 98க்கு 91 என்னும் வாக்குகளில் நிறைவேறியது.

மூடல் திட்டம் அறிவிக்கப்பட்டதைவிட மிகப் பெரியது என்று ஸ்கார்கில் தொடர்ந்து கூறிவந்தார்; அரசு மறுத்தது. 2014இல் வெளியான அமைச்சரவை ஆவணங்கள், நிலக்கரி வாரியத் தலைவர் இயன் மெக்கிரிகர் 75 சுரங்கங்களை மூடக் கருதியிருந்ததைக் காட்டின. நாட்டிங்காம்ஷயரின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பி 2015 ஜூலையில் மூடப்பட்டது.