குழந்தைகள் பாட்டி வீட்டில்... அப்பா அம்மா நெடுஞ்சாலையில்! நசரத்பேட்டை டு நந்தி மலை: தம்பதிகளுக்கு ஒரு ருசிப் பயணம்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம் நசரத்பேட்டை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ்கள் போகும் வழி. இந்தப் பகுதியில் பல வீடுகளின் நிலைமை ஒன்றுதான். கணவர் நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். நடுவில் ஸ்கூல் வேன், டியூஷன், ஹோம்வொர்க். இருவரும் பேசிக்கொள்வதே 'பால் வாங்கியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா' என்ற அளவில்தான்.

'ரெண்டு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமா... நாம ரெண்டு பேர் மட்டும்?' என்று கேட்கத் தோன்றும். அடுத்த நொடியே, 'குழந்தைகளை விட்டுட்டா?' என்ற குற்ற உணர்ச்சியும் வந்துவிடும். அந்தத் தயக்கத்தைத் தாண்ட முடிந்தால், அழகான பயணம் ஒன்று வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. காஞ்சிபுரம் இட்லி, ஆம்பூர் பிரியாணி, நந்தி மலை அடிவாரத் திராட்சைத் தோட்டம், அங்கே தயாராகும் ஒயின் என வழி முழுக்க ருசிதான்!

முதலில் வீட்டு ஏற்பாடு

இந்தப் பயணத்தில் ஹோட்டல் புக்கிங்கைவிட முக்கியமானது, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. தாத்தா பாட்டி, சித்தி, அத்தை என யாராக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு வசதியான தேதியில் கிளம்புவதே மரியாதை. மூட்டுவலி உள்ள பாட்டியிடம் துறுதுறுப்பான இரண்டு பிள்ளைகளை மூன்று நாள் ஒப்படைப்பது நியாயமில்லை. கூட ஒருவர் உதவிக்கு இருந்தால் நல்லது.

மருந்து, டாக்டர் நம்பர், ஸ்கூல் வேன் டிரைவர் நம்பர், எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடலாம். இதை எழுத வேண்டியது அம்மா மட்டுமல்ல. அப்பாவும் உட்கார்ந்து எழுதினால், வீட்டில் தனக்குத் தெரியாத வேலைகள் எத்தனை இருக்கின்றன என்று அவருக்கும் புரியும்.

குழந்தைகள் தூங்கும்போது சொல்லாமல் கிளம்புவது வேண்டாம். 'அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போறோம், திங்கட்கிழமை ராத்திரி வந்துடுவோம்' என்று சொல்லிவிட்டுப் போவதே நல்லது. சொன்ன நேரத்தில் திரும்பி வந்தால் அடுத்த முறை அழுகை குறையும். பால்குடிக் குழந்தை இருந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ பயணத்தைத் தள்ளிப்போடலாம். நெடுஞ்சாலை எங்கும் போய்விடாது!

காலை: காஞ்சிபுரம் இட்லி

விடியற்காலையில் கிளம்பினால், சுமார் 50 கி.மீ. தூரத்தில் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகப் படைக்கப்படும் இட்லி, வீட்டு இட்லியிலிருந்து முற்றிலும் வேறு. அரிசி, உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த நீளமான மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்ததும் வட்ட வட்டமாக வெட்டித் தருவார்கள். ஊரில் சில ஹோட்டல்களிலும் இதே பாணி இட்லி கிடைக்கும்.

தினமும் காலையில் நின்றுகொண்டே ஆறிய இட்லியை விழுங்கும் அம்மாவுக்கு, யாரோ சமைத்ததை உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவதே பெரிய விருந்து!

மதியம்: ஆம்பூர் பிரியாணி

வாலாஜாபேட்டை, வேலூர் தாண்டினால் ஆம்பூர். தோல் தொழிலுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன ஊர். நீளமான பாஸ்மதிக்குப் பதிலாக, இங்கே குட்டைச் சீரகச்சம்பா அரிசிதான். மிளகாய்த்தூளுக்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடியும், புளிப்பும் காரமுமாகக் கத்தரிக்காய்த் தொக்கும். ஆற்காடு நவாப் காலத்து அரண்மனைச் சமையலிலிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

ஒரே நாள்தான் லீவு என்றால் இங்கேயே திரும்பிவிடலாம். காலையில் காஞ்சிபுரம், மதியம் ஆம்பூர், இரவுக்குள் வீடு. செலவு பெட்ரோலும் சாப்பாடும் டோலும் மட்டும்தான்.

அடுத்த நாள்: திராட்சைத் தோட்டம்

கூடுதலாக இரண்டு நாள் இருந்தால், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போய் இரவு தங்கலாம். மறுநாள் காலை, வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள நந்தி மலை. உயரம் 1,478 மீட்டர். வார இறுதியில் கூட்டம் அதிகம் என்பதால் அதிகாலையிலேயே போய்விடுவது நல்லது. அடிவாரத்து நந்தி கிராமத்தில் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த போக நந்தீஸ்வரர் கோயிலும் பார்க்க வேண்டிய இடம்.

நந்தி மலைப் பகுதியின் பகல் வெயிலும் இரவுக் குளிரும் திராட்சைக்கு ஏற்றவை. கன்வால் குரோவர் பிரான்ஸிலிருந்து கொடிகளைக் கொண்டுவந்து, 1988-ல் தொடங்கிய ஒயின் நிறுவனம் தொட்டபள்ளாபுராவில் இருக்கிறது. இப்போது குரோவர் ஸாம்பா என்ற பெயரில் இயங்குகிறது. முன்பதிவு செய்தால் தோட்டத்தையும் ஆலையையும் சுற்றிக்காட்டி, சில வகைகளைச் சிறிய அளவில் ருசி பார்க்கத் தருகிறார்கள். தென்னிந்தியாவில் ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் போனால் கொடியில் குலைகளையும் பார்க்கலாம்.

சிவப்பு ஒயினின் நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சதைப்பகுதிக்கு நிறமே கிடையாது. தோலோடு சேர்த்து நொதிக்க வைக்கும்போது, தோலின் நிறம் சாற்றில் இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து, சாற்றை மட்டும் நொதிக்க வைக்கிறார்கள். பிறகு எஃகுத் தொட்டியிலோ ஓக் மரப் பீப்பாயிலோ காத்திருப்பு.

ருசி பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. வெள்ளை முதலில், சிவப்பு கடைசியில். முகர்ந்து பார்த்து, ஒரு மிடறு வாயில் வைத்திருந்து, விரும்பினால் அதற்கென வைத்திருக்கும் கிண்ணத்தில் துப்பிவிடலாம். அது அநாகரிகம் அல்ல, அங்கே வழக்கமே அதுதான். நம்மூர் காரத்துக்கு லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் பொருந்தும் என்பார்கள். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரிச்சல் கூடும்.

இதை மறக்க வேண்டாம்

மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் ருசி பார்ப்பதையே தவிர்க்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு விருப்பமில்லை என்றால், 'சும்மா ஒரு வாய்' என்று வற்புறுத்துவது கூடாது. தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கவும் நல்ல சாப்பாடு சாப்பிடவும் ஒயின் அவசியமில்லை.

ருசி பார்த்தவர் ஸ்டீயரிங் பிடிக்கவே கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.-க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்று ஒரு நாளைக்கு டிரைவரோடு கார் எடுப்பதே நிம்மதி. கார் இல்லாதவர்கள் சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூருவுக்கு ரயிலில் போய், அங்கிருந்து டாக்ஸி எடுக்கலாம். ஞாபகார்த்தமாக ஒரு பாட்டில் என்று வாங்கி பைக்குள் வைப்பதும் வேண்டாம். அனுமதியின்றி வெளிமாநில மதுவைத் தமிழகத்துக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம்.

வீடு திரும்பும்போது

வரும் வழியில் ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கலாம். கோவா சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் முந்திரி, பாதாம் வைத்து, நெய்யில் பொரித்து, பாகில் ஊறவைத்த இனிப்பு. பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி, பார்த்துக்கொண்ட பாட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி.

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறைக்கு ஓடாமல், அன்றிரவு பாட்டியை உட்காரவைத்து இருவருமாகப் பரிமாறலாம். அடுத்த மாதம் அவர் ஏதாவது கோயிலுக்கோ, தோழி வீட்டுக்கோ போக ஆசைப்பட்டால், லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கொள்வது மகன், மருமகளின் முறை. பாட்டிக்கும் லீவு வேண்டும்தானே!