கல்லோடு அரிசியையும் தின்னும் பாக்டீரியா

கச்சா எண்ணெயிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்க நுண்ணுயிரிகள் தயார். அவற்றின் பசிக்குக் கடிவாளம் போடுவதுதான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி.

பெட்ரோல், டீசல் என்றாலே கந்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. நைட்ரஜனைச் சீந்துவாரில்லை. கச்சா எண்ணெயில் அதன் பங்கு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அது செய்யும் சேட்டை சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்குத் தெரியும். கன எண்ணெயை உடைத்து பெட்ரோலாக்கும் வினையூக்கியின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. சேமித்து வைத்த டீசலில் கசடு சேரவும் அது காரணம். எரித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு புகை வேறு.

இப்போதைய வைத்தியம் 300 முதல் 400 டிகிரி வெப்பம், கடும் அழுத்தம், ஏராளமான ஹைட்ரஜன். கந்தகம் ஓரளவு சுலபமாகக் கழன்றுகொள்ளும். நைட்ரஜன் அப்படியல்ல. அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கு முதலில் ஹைட்ரஜனைத் தாராளமாக ஊட்ட வேண்டும். அதன் பிறகே பிடி தளரும். செலவு எகிறுகிறது.

பாக்டீரியாவுக்கு 30 டிகிரி போதும். எண்ணெயில் உள்ள பிடிவாதமான நைட்ரஜன் சேர்மங்களில் ஒன்று கார்பஸோல். அதை மட்டுமே உண்டு வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்றைப் பற்றி டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-ல் அறிவித்தார்கள். பிரமாதம்தான். ஆனால் கல் பொறுக்கச் சொன்னால் அரிசியையும் சேர்த்துத் தின்கிறது அது. வளையத்தைப் பிளந்ததோடு நிற்காமல், எரிபொருளாக வேண்டிய கார்பனையும் விழுங்கிவிடுகிறது. கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்ன ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய பாக்டீரியாவுக்கு (1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் காப்புரிமைக்கு வழி பிறந்தது) பெருந்தீனிதான் தகுதி. இங்கே அதுவே குற்றம்.

கந்தகத்தில் இந்தச் சிக்கல் தீர்ந்திருந்தது. சிகாகோ அருகே ஜான் கில்பேன் கண்டெடுத்த ரோடோகாக்கஸ், கார்பனைத் தொடாமல் கந்தகத்தை மட்டும் கழற்றும். நைட்ரஜனுக்கு அப்படி ஒரு நாசூக்கான உயிரி அகப்படவில்லை. எனவே ஒட்டுப்போடும் வேலை தொடங்கியது. கார்பஸோலில் நைட்ரஜனைப் பிடித்திருக்கும் கார்பன் பிணைப்புகள் இரண்டு. முதலாவதை வெட்டும் என்ஸைமை ஒரு பாக்டீரியாவிலிருந்தும், இரண்டாவதை வெட்டுவதை இன்னொன்றிலிருந்தும் எடுத்து இணைப்பது, கார்பனைத் தின்னும் மரபணுக்களை ஒதுக்கிவிடுவது: இதுதான் கில்பேன் குழுவின் திட்டம். 2006-ல் சீன ஆய்வாளர்கள், கந்தகம் நீக்கும் ரோடோகாக்கஸுக்குள்ளேயே கார்பஸோலைத் தாக்கும் மரபணுக்களைச் செலுத்திக் காட்டினார்கள்.

குடுவையில் நடப்பது ஆலையில் நடக்குமா? பாக்டீரியாவுக்குத் தண்ணீர் வேண்டும். எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. வேலையும் மணிக்கணக்கில் இழுக்கும். ஜாம்நகர் சுத்திகரிப்பு வளாகத்தில் தினமும் 12 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் ஓடுகிறது. அவ்வளவையும் ஊறவைக்கத் தொட்டி எங்கே?