கால் நரம்பு ஏன் சுருட்டிக்கொள்கிறது?

கும்பகோணத்து ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டும் அக்கா, கூட்டம் குறைந்ததும் ஒரு பாதத்தால் மறு காலைத் தேய்த்துக்கொள்கிறார். கெண்டைக்காலில் மண்புழு சுருண்டு கிடப்பதுபோல நீலப் புடைப்பு. 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பார்கள். உண்மையில் அது நரம்பல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய், சிரை.

கல்லணைத் தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாயும். கால் ரத்தமோ மேடேற வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை சிரையைப் பிழிந்து ஏற்றிவிடும். ஏறியது இறங்காமலிருக்க உள்ளே வால்வுகள்: கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் கடைமடை மதகுபோல. அசையாமல் நின்றால் பிழிதல் இல்லை. ரத்தம் தேங்கிச் சிரை அகலும், கதவு பொருந்தாமல் ஒழுகும். பரம்பரையும் பிள்ளைப்பேறும் இதில் சேர்ந்துகொள்ளும்.

காலை உயர்த்தி வைப்பதும் அழுத்தக் காலுறையும் வலியைக் குறைக்கும், ஒழுகலை அடைக்காது. தஞ்சை வெயிலில் அந்தக் காலுறையை யார் நாள்முழுக்கப் போட்டிருப்பார்கள்! முற்றினால் டாப்ளர் ஸ்கேனில் ஒழுகும் இடம் கண்டு, லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்தே சுட்டு மூடுவார்கள். சிறியவற்றுக்கு ஊசிமருந்து. உருவி எடுக்கும் பழைய அறுவையும் உண்டு. மூடினால் ரத்தம் எப்படிப் போகும்? பெரும்பங்கைச் சுமப்பவை ஆழத்துச் சிரைகள்தாம். அவை சரியா என்று முதலில் பார்த்துவிடுவார்கள்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. இந்தக் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் புடவைக் கட்டு.