கம்பியில் எழும் இருவகைப் பயிற்சிகள்

குறுக்குக் கம்பியைப் பற்றித் தொங்கி, மோவாய் அதன்மேல் எழும்வரை உடலை உயர்த்துகையில், உள்ளங்கை முன்நோக்கியிருப்பின் அது 'புல்-அப்'. முகத்தை நோக்கியிருப்பின் 'சின்-அப்'. பின்னது எளிதாயிருப்பதேன்? மேற்கையின் இருதலைத் தசை முன்கையின் ஆரை எலும்பில் இணைந்துள்ளது. உள்ளங்கையை முன்புறம் திருப்புங்கால் அவ்வெலும்பு சுழல, தசைநாண் அதைச் சுற்றிக்கொள்கிறது. இழுக்கும் வலிமையும் குன்றுகிறது. அதன் அடியிலுள்ள பிரேக்கியாலிஸ் தசையோ சுழலாத மற்றோர் எலும்பைப் பற்றியிருப்பதால் இம்மாறுதலால் பாதிக்கப்படுவதில்லை.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் தசைகளின் மின்னியக்கம் அளக்கப்பட்டது. சின்-அப்பில் இருதலைத் தசையும் மார்புத் தசையும், புல்-அப்பில் சரிவகத் தசையின் கீழ்ப்பகுதியும் மிகுதியாக உழைத்தன. முதுகின் அகன்ற தசையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதுகு விரியப் புல்-அப் ஒன்றே வழி என்னும் பயிற்சிக்கூட நம்பிக்கைக்கு இது ஆதரவளிப்பதாயில்லை. ஆயினும் மின்னியக்கம் வேறு, தசைவளர்ச்சி வேறு. ஒருமுறையும் எழ இயலாதவர் சின்-அப்பிலேயே தொடங்கலாம். மணிக்கட்டு நோவுமாயின் பிடியை மாற்றிக்கொள்க.