படிகாரமும் கலங்கல் நீரும்

மேட்டூர் அணை திறந்த சில நாட்களில் புதுப்புனல் காரைக்காலின் அரசலாற்றை வந்தடைகிறது. கலங்கி வரும் அந்நீரைக் குடத்தில் முகந்து, படிகாரக் கட்டியொன்றைச் சிலமுறை சுழற்றிவிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் வண்டல் அடியில் தங்கும், மேல்நீர் தெளியும். படிகாரம் அழுக்கைக் கரைத்துவிடுகிறது என்று மாணவர் விடைத்தாள்களில் பலமுறை படித்திருக்கிறேன். அஃது எதையும் கரைப்பதில்லை. நடப்பது மின்னூட்டத்தின் வேலை.

களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, எதிர்மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குமாதலால் அவை ஒன்றுசேர்ந்து பருக்க இயலாமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கின்றன. இதே நீர் கடலைச் சேரும்போது உப்பின் அயனிகள் அவ்விலக்கலைத் தணிக்கின்றன. களிமண் திரண்டு படிகிறது. நாம் குடியிருக்கும் கழிமுக நிலம் உருவானதில் இதற்கும் பங்குண்டு.

குடத்தில் கடலுப்பைக் கொட்ட முடியாதே! அங்கே படிகாரம் உதவுகிறது. அது நீரிலுள்ள பைகார்பனேட்டுடன் வினைபட்டு, அலுமினியம் ஹைட்ராக்சைடு என்னும் பஞ்சு போன்ற வீழ்படிவைத் தருகிறது. சேர்வராயன் மலைப் பாக்சைட்டில் காணப்படும் கிப்சைட்டு என்னும் கனிமமும் இயைபில் இதுவே. இதன் பரப்பெங்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கின்றன. நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் அவை ஹைட்ரஜன் அயனியை ஏற்று, பரப்பை நேர்மின்னுடையதாக்கும். காரத்தன்மை மிகுந்தால் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்னுடையதாக்கும். அலுமினியம் ஆக்சைடு வகைகள் பலவற்றுக்கு, பி.எச். மதிப்பு ஏறத்தாழ 8-க்கும் 9-க்கும் இடையே இவ்விரண்டும் சமனாகிவிடும். ஆற்றுநீரின் மதிப்பு பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால், பஞ்சுப்படிவு நேர்மின்னூட்டத்துடன் களிமண்ணை ஈர்த்துக்கொண்டு கீழிறங்குகிறது. தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் எஞ்சக்கூடும்; காய்ச்சித்தான் பருக வேண்டும்.

இனி, நம் ஆறு வரும் வழியிலேயே மேலே சென்று தருமபுரியைப் பார்ப்போம். அங்கே கிணற்றுநீர் பல இடங்களில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்; ஆனால் பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளூரைடு அதில் மறைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடிக்கும் குழந்தைகளின் பற்களில் கறை படியும். அளவு மிகுந்தால் எலும்புகளும் மூட்டுகளும் இறுகும். காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இங்கும் அதே பரப்பு கைகொடுக்கிறது. ஃபுளூரைடு அயனியும் ஹைட்ராக்சில் அயனியும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஃபுளூரைடு பரப்பிலுள்ள ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு, அதன் இடத்தில் அமர்ந்து அலுமினியத்துடன் நேராகப் பிணைந்துகொள்கிறது. பரப்பின்மேல் நிகழும் இப்பிடிப்பையே பரப்புக் கவர்ச்சி என்கிறோம். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வகுத்த நல்கொண்டா முறையில் சுண்ணாம்பும் படிகாரமும் இதற்குப் பயன்படுகின்றன. கிளர்வூட்டிய அலுமினா மணிகளின் வழியே நீரைச் செலுத்துவது மற்றொரு முறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரிநீரையே கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நல்ல ஆற்றுநீர் கிடைக்குமிடத்தில் அதுவே மேலான வழி என்பது என் கருத்து.

அப்படியானால் கடற்கரையோரக் கிணறுகளின் உவர்ப்பையும் அலுமினா நீக்காதா என்று நம் மாணவர் கேட்கலாம். நீக்காது. குளோரைடும் எதிர்மின் அயனிதான். ஆயினும் மின்விசையால் மட்டும் தளர்வாக ஈர்க்கப்படுகிறது, அலுமினியத்துடன் பிணைவதில்லை. ஈர்க்கப்படுவது வேறு, பிணைக்கப்படுவது வேறு.

ஃபுளூரைடால் நிறைந்துவிட்ட அலுமினாவை எரிசோடாக் கரைசலால் கழுவுவர். காரத்தில் பரப்பு எதிர்மின்னாகிறது. ஹைட்ராக்சில் அயனிகள் தம் பழைய இடத்தை மீட்டுக்கொள்ள, ஃபுளூரைடு வெளியேறுகிறது. பின்னர் நீர்த்த அமிலத்தால் சமன்செய்தால் மணிகள் மீண்டும் பயன்படும். கழுவிய நீரில் பெருமளவு ஃபுளூரைடு சேர்ந்திருக்குமாதலால், அதைக் கிணற்றோரத்தில் ஊற்றிவிடலாகாது.