மின்பானையில் தெரியாக்கி கோழி

வேலைநாள்களில் களைத்து வீடு திரும்புவோருக்கு இரவு உணவு சமைப்பது ஒரு சுமை. மெதுவாகச் சமைக்கும் மின்பானை அச்சுமையைக் குறைக்கிறது.

‘தெரியாக்கி’ என்பது ஜப்பானியச் சமையல்முறை. ‘தெரி’ என்றால் பளபளப்பு. ‘யாக்கி’ என்றால் சுடுதல். இனிப்பு கலந்த சோயா சாஸைத் தடவிச் சுடுவதால் இறைச்சி பளபளக்கிறது. மின்பானையில் சுட முடியாது. எனினும், ஏறக்குறைய அதே சுவையைப் பெறலாம்.

கோழித்தொடைத் துண்டுகளுடன் சோயா சாஸ், தேன், இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து, குறைந்த சூட்டில் ஏறத்தாழ 5 மணி நேரம் வேகவிட வேண்டும். தொடைக்கறி நெஞ்சுக்கறியைப் போல எளிதில் வறண்டுவிடாது. மூடியை அடிக்கடி திறந்தால் சூடு வெளியேறி, வேகும் நேரம் நீளும். இறுதியில், நீரில் கரைத்த சோளமாவை ஊற்றிக் கொதிக்கவிட்டால் சாறு கெட்டியாகிப் பளபளக்கும்.

உறைந்த கோழியை அப்படியே பானையில் இடுவது ஆபத்து. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகும். உறைந்த இறைச்சி மெல்லச் சூடேறுவதால், அந்நிலையிலேயே நெடுநேரம் இருந்துவிடும். ஆகவே, அதனை முந்திய நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். வெந்த இறைச்சியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருப்பதும் அவசியம்.

சமையலை மின்பானையிடம் ஒப்படைக்கலாம். கவனத்தை ஒப்படைக்க முடியாது.