வீட்டுக்குள் திரையரங்கு – 5: ஏழாம் தலைமுறைக் கணினி

படம் பார்ப்பதற்கென்றே ஒரு கணினியைக் குறைந்த செலவில் அமைக்க முனைவோர் பலரும் அதிவேகச் செயலிக்கும் தனி கிராபிக்ஸ் அட்டைக்கும் பெரும்பணம் செலவிடுகின்றனர். கணினி விளையாட்டுக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு படம் பார்ப்பதற்குப் பொருந்துவதில்லை. திரையின் அளவும் இருக்கையின் தொலைவும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்தத் திரைக்குப் படத்தை அனுப்பும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது எது என்பதே இந்த இதழின் பொருள்.

4கே படத்தின் ஒரு சட்டகம் 3,840 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் கொண்டது. அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்துக்கு நொடிதோறும் சுமார் 600 மெகாபைட் தேவைப்படும். இரண்டரை மணி நேரப் படம் 5 டெராபைட்டைத் தாண்டிவிடும். ஆனால் அதே படம் 66 அல்லது 100 ஜிகாபைட் அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுக்குள் அடங்குகிறது. ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாமல், மாறியதை மட்டும் குறித்துவைக்கும் சுருக்கமுறையே இதற்குக் காரணம். இத்தகைய முறைகளுக்குக் கோடெக் என்று பெயர், அவற்றுள் எச்.264 2003-லும், எச்இவிசி எனப்படும் எச்.265 2013-லும் தரநிலைகளாக வெளிவந்தன.

சுருக்கியதை நொடிக்கு 24 முறை விரித்துக் காட்டும் வேலையைக் கணினி இரண்டு வழிகளில் செய்யலாம். பொதுச் செயலியே எல்லாவற்றையும் கணக்கிடுவது ஒரு வழி. அப்போது செயலி முழு மூச்சில் உழைக்க, விசிறி இரைய, சட்டகங்கள் விடுபட்டுப் படம் தடுமாறக்கூடும். அந்த ஒரு வேலைக்கென்றே சில்லுக்குள் பதிக்கப்பட்ட மின்சுற்று அதைச் செய்து முடிப்பது மற்றொரு வழி. செயலிக்கு அப்போது ஏறக்குறைய வேலையே இருப்பதில்லை. ஆகவே திரையரங்குக் கணினியைப் பொறுத்தவரை, எந்தக் கோடெக்குக்கான சுற்று சில்லில் இருக்கிறது என்ற கேள்வி செயலியின் வேகத்துக்கும் முந்தியது.

2015-இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலிகள் 8 பிட் எச்இவிசியை மின்சுற்றிலேயே விரித்தன. ஆனால் 4கே வட்டுகள் பயன்படுத்துவது 10 பிட் எச்இவிசி. 8 பிட்டில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1,024. மாலை வானம் போன்ற மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாகத் தெரியாமல் இருக்க இந்த வேறுபாடு உதவுகிறது. 10 பிட் எச்இவிசியை முழுமையாக விரிக்கும் சுற்று 2017 தொடக்கத்தில் மேசைக் கணினிகளுக்கு வந்த ஏழாம் தலைமுறையிலிருந்தே கிடைக்கிறது. யூடியூப் பயன்படுத்தும் விபி9 கோடெக்கையும் அது சமாளிக்கும். ஏவி1 என்னும் புதிய கோடெக்குக்கு மட்டும் பதினோராம் தலைமுறை தேவை.

விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இதனால் ஏழாம் தலைமுறைக் கணினிகள் அலுவலகங்களுக்கு உதவாதவையாகி, பழைய பொருள் சந்தையில் மலிந்துவிட்டன. படம் பார்ப்பவருக்குத் தேவையான மின்சுற்று தொடங்கும் இடமும், அலுவலகம் கழித்துக்கட்டும் எல்லையும் ஒரே தலைமுறையில் வந்து சேர்ந்திருப்பது சிக்கன விரும்பிக்கு வாய்த்த நற்பேறு.

டெல், லெனோவா, எச்பி ஆகியவை அலுவலகங்களுக்காகச் செய்த, ஒரு தடித்த புத்தக அளவேயான சிறு கணினிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஒன்பதாம் தலைமுறை வரை, செயலியின் பெயரில் கோட்டுக்குப் பின்வரும் முதல் இலக்கமே தலைமுறை: ஐ5-6500டி ஆறாவது, ஐ5-7500டி ஏழாவது. இறுதியிலுள்ள ‘டி’ 35 வாட் வகையைக் குறிக்கும். வெப்பம் குறைவு, ஆதலால் இரைச்சலும் குறைவு. 8 ஜிகாபைட் நினைவகம் போதும்.

இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. இத்தலைமுறையின் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 பதிப்பு, அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. 60 முறை வேண்டுமெனில், டிஸ்பிளேபோர்ட் துளையில் ‘ஆக்டிவ்’ வகை மாற்றியைப் பொருத்த வேண்டும். ஆயினும் திரைப்படத்துக்கு 24 போதும்; சொல்லப்போனால் 24-ஏ நல்லது. 60-ஐ 24 மீதமின்றி வகுக்காததால், ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாகக் காட்டப்பட்டு, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் துள்ளுகின்றன. எச்டிஆர் எனப்படும் மிகையொளிப் படங்களுக்கு எச்டிஎம்ஐ 2.0ஏ அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். அதை விரும்புவோர் புதிய கணினியையே நாடுவது நல்லது.

மென்பொருளுக்குச் செலவில்லை. லிப்ரெஎலெக் என்னும் லினக்ஸ் வகை, கணினியை இயக்கியதும் நேரே கோடி என்னும் படக்காட்சி மென்பொருளில் கொண்டுபோய் நிறுத்தும். மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக ஆர்வலர்கள் 2002-இல் தொடங்கிய முயற்சியே வளர்ந்து 2014-இல் கோடி என்ற பெயர் பெற்றது; அக்கருவியின் நினைவகம் வெறும் 64 மெகாபைட். படத்துக்கு ஏற்ப 24-க்கும் 60-க்கும் மாறிக்கொள்ளும் வசதியும் இதில் உண்டு, ஆனால் அமைப்புகளில் அதை இயக்கிவைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், ஓடிடி தளங்களை மட்டுமே பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு தேவையற்றது. நகல் தடுப்பு விதிகளால் அத்தளங்கள் லினக்ஸ் உலாவிகளுக்கு 4கே தருவதில்லை. தொலைக்காட்சியில் செருகும் சிறு ஓடிடி கருவியே அவர்களுக்கு மலிவு. சொந்த வட்டுகளும் கோப்புகளும் சேர்த்து வைத்திருப்பவருக்கே இந்தக் கணினி பயன்தரும்.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய கணினி வாங்கச் செல்வோர், 10 பிட் எச்இவிசி கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லட்டும். விஎல்சி என்னும் படக்காட்சி மென்பொருளில் அதை ஓடவிட்டு, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் ஜிபியு பகுதியில் ‘வீடியோ டிகோட்’ கோடு உயர்கிறதா, செயலியின் கோடு தாழ்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கவும்.

(தொடரும்)